கிராபோ பலிபீடத்தை முழுதாகக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இடைக்கால ஜெர்மானிய ஓவியம் பற்றிய கட்டுரையுடன், ஹாம்பர்க் குன்ஸ்ட்ஹாலே அருங்காட்சியகத்தில் உள்ள பதினான்காம் நூற்றாண்டு ஓவியர் மாஸ்டர் பெர்ட்ராமின் ‘விலங்குகளின் படைப்பு’ முழுப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. பின்புலப் பொன்னின் ஒளி தாளிலும் தங்கியிருந்தது கண்டு மகிழ்ந்தேன். ஆனால் படக்குறிப்பு அதைத் தனி ஓவியமாகவே சொல்லிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

அது, கிராபோ பலிபீடம் எனப்படும், மடக்குக் கதவுகள் கொண்ட பீட அமைப்பின் 24 காட்சிகளுள் ஒன்று. ஹாம்பர்க் நகரின் புனித பேதுரு ஆலயத் தலைமைப் பீடத்துக்காக 1379 முதல் 1383 வரை உருவான இந்த அமைப்பு, விரித்தால் 7 மீட்டருக்கும் மேல் அகலம் கொண்டது. வெளிக்கதவுகளைத் திறந்தால் இந்த ஓவியங்கள் தெரியும். அடுத்த கதவுகளையும் திறந்தால் பொன் பூசிய மரச்சிற்பங்கள் வெளிப்படும்.

நீங்கள் அச்சிட்ட படத்தில் கடவுளின் இருபுறமும் மீன்களும் பறவைகளும் விலங்குகளும் அமைதியாக நிற்க, ஓர் ஓநாய் மட்டும் ஆட்டின் கழுத்தைக் கவ்வியிருக்கிறது. ஆதாம் இன்னும் படைக்கப்படவில்லை, பாவமும் நேரவில்லை; பிறகு இந்த இரத்தம் எதற்கு? தனியாகப் பார்ப்பவருக்கு இது விளங்காது. முதல் காட்சியிலேயே, ஒளி பிரிக்கப்படும் பொழுதிலேயே, கலகம் செய்த வானதூதர்கள் கீழே விழுகிறார்கள். பின்னர் ஆபேல் ஆட்டுக்குட்டியைக் காணிக்கையாக ஏந்துகிறான், காயீன் அவனைக் கொல்கிறான், ஆபிரகாம் மகனைப் பலியிட முனைகிறார், ஏரோதின் வீரர்கள் பச்சிளங்குழந்தைகளை வெட்டுகிறார்கள். அந்த ஆடு இவை எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்பு என்றே நான் கொள்கிறேன். வரிசையோடு பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

இந்தப் பலிபீடம் நமக்குக் கிடைத்த கதையையும் கட்டுரை தொடவில்லை. வட ஜெர்மனியின் மெக்லன்பர்க்கில் உள்ள கிராபோ என்ற சிற்றூர் 1725ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தபின், அங்கே எழுந்த புதிய ஆலயத்துக்கு ஹாம்பர்க்காரர்கள் 1731இல் இதைக் கொடுத்துவிட்டார்கள். பெர்ட்ராமின் பெயர் மறந்துபோன காலம் அது. 1842இல் ஹாம்பர்க்கையே பெருந்தீ சூழ்ந்து, பேதுரு ஆலயமும் எரிந்துபோனது. பீடம் அங்கேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சு பதறுகிறது. கிராபோவில் இருப்பது பழைய பேதுரு ஆலயப் பீடமே என்று 1900 வாக்கில் அறியப்பட்டதும், குன்ஸ்ட்ஹாலேயின் இயக்குநர் ஆல்ஃபிரட் லிக்ட்வார்க் 1903இல் அதை வாங்கி மீண்டும் ஹாம்பர்க்குக்குக் கொண்டுவந்தார்.

வரும் இதழிலாவது, விரித்த நிலையில் உள்ள முழுப் பலிபீடத்தையும் இரு பக்கங்களில் சேர்த்து, காட்சிகளின் வரிசையைக் குறிக்கும் சிறு விளக்கத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்