‘போதாது’ மாஸ்டர் திரும்பி வந்திட்டார்

திருகோணமலை

மச்சான்,

மூண்டு மாசமா பதில் போடேல்லை. பேச்சு வாங்கத் தயார். அம்மான்ர கண் ஒப்பரேஷன் முடிஞ்சுது; இப்ப என்ர தலைநரையை எண்ணிச் சொல்லுறா. பஸ் ஸ்டாண்டில மான்கள் இன்னும் வாழைப்பழத்தோலுக்குத்தான் நிக்குதுகள்.

விஷயம் வேற. ஏழாம் வகுப்பில எங்கட கணக்குக் கொப்பியில ‘போதாது’ எண்டு மட்டும் எழுதிவிடுற அந்த மாஸ்டர் மாதிரி நானும் ஆகீட்டன்டா. சிரிக்காத.

எங்கட ஹோட்டல் ரிசப்ஷனுக்கு வாற கோல் எல்லாத்தையும் கேட்டு மார்க் போடுற ஆப் ஒண்டு பூட்டியிருக்கினம். புதுசாச் சேர்ந்த மூதூர்ப் பிள்ளைக்கு 58. குரலில உற்சாகம் குறைவாம். அதுக்குக் கீழ நானும் ‘இன்னும் கவனம் தேவை’ எண்டு தட்டி அனுப்பீட்டன். எதில கவனம்? எனக்கே தெரியாது. அடுத்த நாள் போன் அடிச்சா, எடுக்க முன்னம் என்ர முகத்தைப் பாக்கிறாள். மார்க் 51.

நித்திரை வராமல் தேடிப் படிச்சன். 1996இல குளுகர், டெனிசி எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் ஃபீட்பேக் பற்றின பழைய ஆய்வுகளை ஒண்டாக்கி, 23,000க்கு மேற்பட்ட அவதானிப்புகளைப் பாத்திருக்கினம். ஃபீட்பேக் பொதுவா வேலையைத் திருத்துதாம். ஆனா மூண்டில ஒரு பங்குக்கு மேல அதுவே வேலையைக் கெடுத்துமிருக்காம். கவனம் வேலையை விட்டு ‘நான்தான் சரியில்லையோ’ எண்டு ஆளில திரும்பினா பலன் தேயுதாம். ஏழாம் வகுப்புக் கணக்குக் கொப்பி ஞாபகம் வருதா?

பின்னேரம் சனம் குறைஞ்ச நேரம் ஒரே ஒரு கோலைச் சத்தமாப் போட்டு ரெண்டு பேரும் கேட்டம். அந்த மனுசன் புறாத்தீவுக்குப் படகு எத்தினை மணிக்கு எண்டு கேக்கிறார். இவள் றூம் விலையை வாசிக்கிறாள். நான் வாய் திறக்க முன்னம், “சேர், அவர் இதைக் கேக்கவே இல்லையே!” எண்டாள். அந்தக் கோலுக்கு ஆப் குடுத்தது 74, தெரியுமோ! குரலில உற்சாகம் இருந்ததாம்.

ஆப்பையும் முழுக்கப் பேச ஏலாது. ரெக்கோர்டிங் இல்லாட்டி ‘நீ சொன்னனி, நான் சொல்லேல்லை’ எண்டு இழுபறிதான். மார்க்கை இப்ப காட்டுறேல்லை. கிழமைக்கு ரெண்டு கோல் கேக்கிறம், அவ்வளவுதான். படகு நேரம் இப்ப அவளுக்குப் பாடம்.

போன கிழமை அவள் மெதுவாக் கேட்டாள்: “சேர், உங்கட கோல் ஒண்டு போடுவமா?” போட்டம். ஒரு மனுசியை நாலு தரம் இடையில வெட்டியிருக்கிறன். நீ இருபது வருசமாச் சொல்லுறது சரிதான். எனக்கு ஆப் போட்ட மார்க்கை மட்டும் கேக்காத.

வைகாசியில வாறியெண்டா முன்னமே சொல்லு.

உன்ர
கடைசி வாங்குக் கூட்டாளி