முறிகண்டிக் கச்சானும் கட்டிய பல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விழுந்த பல்லுக்குப் பதிலாகப் 'பிரிட்ஜ்' கட்டுவது பற்றித் தங்கள் சுகாதாரப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். கழற்றத் தேவையில்லை, சொந்தப் பல் போலவே இருக்கும், இரண்டு மூன்று தரம் போனால் வேலை முடிந்துவிடும் என்று எழுதியிருந்தது. எதுவும் பொய் இல்லை. ஆனால் பிரிட்ஜ் என்றால் இடைவெளிக்கு இரு பக்கமும் உள்ள பற்களுக்கு உறை போட்டு, அவற்றோடு நடுவில் ஒரு பொய்ப்பல்லைப் பிணைப்பது. அந்தப் பாலத்துக்குத் தூணாக நிற்கப்போகிற இரண்டு பற்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாரிகாலத்தில் வட்டுவாகல் பாலத்தால் பயந்து பயந்து போய் வந்த ஆட்கள் நாங்கள். பாலம் என்றால் முதலில் கீழே பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடலாமா?

என்னுடைய கதையையே சொல்கிறேன். 2009இல் போரால் இடம்பெயர்ந்து வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்தபோது இடது பக்கக் கீழ்க் கொடுப்புப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. வலி நின்றதே பெரிது என்றிருந்த நேரம், இடைவெளியை யார் யோசித்தார்கள்? ஊருக்குத் திரும்பினோம், கொட்டில் போட்டோம், பிறகு வீடு கட்டினோம். அதற்குள் வாய்க்குள் ஒரு காணிச் சண்டை நடந்திருக்கிறது. எல்லை வேலி இல்லாத காணியைக் கண்டால் பக்கத்து வீட்டுக்காரர் மெல்ல மெல்ல உள்ளே வருவாரே, அதே மாதிரிப் பின்னால் நின்ற பல் முன்பக்கம் சரிந்துவிட்டது. கடிக்க எதிர்ப்பல் இல்லாததால் மேல் பல்லும் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. பல் பிடுங்கிய சில மாதங்களிலேயே இதைக் கவனித்திருக்க வேண்டும் என்று பின்னாளில் ஒரு வைத்தியர் சொன்னார்.

2018இல் ஒரு தனியார் கிளினிக்கில் பிரிட்ஜ் கட்டினேன். 'ரெண்டு பக்கமும் கொஞ்சம் தேய்க்கோணும் ரீச்சர், பயப்படாதேங்கோ' என்றார்கள். விறைப்பு ஊசி போட்டதால் நோகவில்லை. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது தற்காலிகப் பல் ஒருநாள் கழன்று கையில் வந்தபோதுதான் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் சூத்தையே இல்லாமல் இருந்த என் இரண்டு பற்களும் சீவிய பென்சில் முனைபோல் நின்றன. உறை போட இடம் வேண்டுமென்று பல்லைச் சுற்றிவரவும் மேலேயும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் வரை தேய்த்துவிடுவார்கள். எனாமல் நகத்தைப் போலத் திரும்ப வளராது. பிடிக்கவில்லை, பழையபடி ஆக்கித் தாருங்கள் என்று பிறகு கேட்க முடியாது.

சரி, கட்டியாயிற்று. ஊர்ப்பக்கம் போன பஸ் முறிகண்டியில் நின்றபோது, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பல வருடங்களுக்குப் பிறகு இடது பக்கத்தால் கச்சான் கடித்தேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

நான்கு வருடத்தில் ஆட்டம் கண்டது. பொய்ப்பல் முரசின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேர் கிடையாது. அதன் அடியில் போகும் சாப்பாட்டைச் சாதாரண பிரஷ் எடுக்காது. முனை விறைப்பாக உள்ள ஒருவகை நூலையோ போத்தல் கழுவும் பிரஷின் குட்டி போன்ற ஒன்றையோ தினமும் அடியால் விட்டு இழுக்க வேண்டுமாம். இதை அந்தக் கிளினிக்கில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. உறைக்குள் சூத்தைப்பட்டுப் பின்பல் போய்விட்டது. முன்பல்லுக்கு நரம்பு எடுத்து வேர் சிகிச்சை செய்தார்கள். ஒரு பல் இல்லாமல் போனவள் இரண்டு பல் இல்லாமல் திரும்பி வந்தேன்.

இதை வைத்து யாரையும் பிரிட்ஜ் கட்ட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பக்கத்துப் பற்கள் ஏற்கனவே பெரிதாக அடைத்தவை, உடைந்தவை என்றால் அவற்றுக்கு உறை எப்படியும் தேவை. அப்போது பிரிட்ஜ் நல்ல யோசனைதான். ஒழுங்காகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து வருடம் பாவிப்பவர்களும் இருக்கிறார்கள். முரசு வருத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள், தூண் பற்களின் எலும்பு எப்படி இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் சம்மதிக்கக் கூடாது. முன்பல் ஒன்று மட்டும் என்றால், பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் சின்னச் செட்டை ஒன்றை ஒட்டிப் பூட்டும் முறையும் உண்டு. அதில் தேய்ப்பது மிகக் குறைவு. கழற்றிப் பூட்டும் பல்லைக் கிழவர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறோம், ஆனால் அது பக்கத்துப் பல்லைத் தேய்த்து உறை போடச் சொல்லாது. தாடை எலும்பில் டைட்டானியம் திருகு இறக்கும் முறையும் பக்கத்துப் பற்களைத் தொடாது. அந்தச் செலவு எங்களில் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும் என்பது வேறு கதை.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். வவுனியாப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடிய இடங்களில் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் கபில நிறக் கறை இருக்கும். அவர்களுக்குப் பளிச்சென்று வெள்ளைப் பல் செய்து பூட்டினால் அது மட்டும் தனியே சிரிக்கும். நிறத்தை நாலு பேர் முன்னால் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகு தலையாட்டுங்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் பல்லைக் காசில்லாமல் பிடுங்குகிறார்கள். அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கத் தந்து அனுப்பும்போது, அந்த இடைவெளியை எப்போது, எப்படி நிரப்பலாம் என்று தமிழில் ஒரு துண்டுத் தாளும் தந்தால் என்ன? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அதைத் தொடங்கினாலே புண்ணியம். தங்கள் சுகாதாரப் பக்கத்திலும் பிரிட்ஜின் அடியைச் சுத்தம் செய்வது எப்படி என்று படத்தோடு ஒரு பல் வைத்தியரைக் கொண்டு எழுதுவியுங்கள்.

இப்போதும் முறிகண்டியில் பஸ் நின்றால் கச்சான் வாங்குகிறேன். பேரன் சாப்பிடுகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஒட்டுசுட்டான்