லீனியருக்கு முன்னால் கம்பியைக் கற்றுக்கொடுங்கள்

தமிழ்நாட்டில் ஹாம் வானொலி, அதாவது உரிமம் பெற்று ஆர்வத்துக்காக வானொலியில் பேசுவோரின் சங்கங்களை நடத்தும் மூத்தவர்களுக்கு வணக்கம்.

உரிமம் வாங்கிக் கொஞ்ச நாளே ஆன இளைஞர்கள் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்) வந்து, "சிக்னல் பத்தலை சார், லீனியர் போடலாமா?" என்று, அதாவது சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் மாட்டலாமா என்று கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எந்த ஆம்ப்ளிஃபயர் நல்லது, பழசு எங்கே கிடைக்கும் என்று உடனே பதில் வருகிறது. "ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? என்ன கேபிள்? எத்தனை மீட்டர்?" என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. உங்கள் வகுப்புகளில் இந்தக் கேள்விகள் முதலில் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

நம் நாட்டில் பொது நிலை உரிமம் உள்ளவர் 400 வாட் வரை போகலாம். சாதாரண ரிக் (அனுப்பி வாங்கும் பெட்டி) தரும் 100 வாட்டிலிருந்து 400 வாட்டுக்குப் போனால் கூடுவது 6 டெசிபல். எதிர்முனையில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் ஒரே ஒரு புள்ளி ஏறும், அவ்வளவுதான். இரைச்சலுக்குள் பாதி மூழ்கிய சிக்னலுக்கு அந்த ஒரு புள்ளி பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அதே 6 டெசிபலை நம் வீட்டுக் கேபிளே தின்றுகொண்டிருந்தால்?

பலர் வீட்டில் இருப்பது ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் (டிவி கேபிள் போன்ற வட்டக் கேபிள்). அது 30 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 28 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனா சரியாகப் பொருந்தியிருந்தாலும், அனுப்பிய 100 வாட்டில் 60 வாட்கூட மேலே போய்ச் சேராது. பொருந்தாமல் ஆன்டெனா முனையில் எஸ்டபிள்யூஆர் (பொருத்தமின்மையின் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 10 என்று இருந்தால், சேர்வது ஏறக்குறைய 25 வாட். மீதி முக்கால் பங்கும் கேபிளில் வெறும் சூடாகிறது. இப்போது ரிக்கைக் கேபிளோடு பொருத்திக் காட்டும் ட்யூனர் ஒன்றை மேசைமேல் வைத்துத் திருகினால் மீட்டர் அழகாக 1:1 காட்டும். ரிக்குக்கு நிம்மதி, அதை வைத்திருப்பவருக்கும் நிம்மதி. கேபிளுக்குள் நடப்பது மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. அதன்மேல் 400 வாட் லீனியரை மாட்டினால் ஆன்டெனாவுக்குப் போவது சுமார் 100 வாட். இவ்வளவு செலவும் கேபிள் தின்றதை ஈடுகட்டவே சரியாகப் போய்விட்டது. ஓட்டைக் குழாயை அடைக்காமல் பெரிய மோட்டார் வாங்கியது போலத்தான் இது.

நான் ட்யூனருக்கு எதிரி இல்லை. 450 ஓம் லேடர் லைன் (ஏணிபோல் இரு கம்பிகள் இணையாக ஓடும் லைன்) போட்ட டபுளட் என்ற கம்பி ஆன்டெனாவுக்கு அது அருமையான துணை. அந்த லைனில் இழப்பு மிகக் குறைவு என்பதால் எஸ்டபிள்யூஆர் எகிறினாலும் பெரிதாகக் கவலையில்லை. ஒரே கம்பியில் பல பேண்டுகள் போகலாம். கோஆக்ஸ்தான் என்றால் ட்யூனரை ஆன்டெனா அடியிலேயே வைப்பது நல்லது. டி வகை ட்யூனரில் (இரண்டு கெபாசிட்டரும் நடுவில் காயில் என்ற கம்பிச்சுருளும் கொண்டது) ஒரே ஆன்டெனாவுக்குப் பல இடங்களில் 1:1 கிடைக்கும். அவற்றில் சில இடங்களில் காயில் நிறையச் சக்தியை விழுங்கிவிடும். கெபாசிட்டர் முடிந்தவரை அதிகமாகவும் காயில் முடிந்தவரை குறைவாகவும் உள்ள இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதை ஒருமுறை கையால் செய்து காட்டினால் போதும், யாரும் மறக்கமாட்டார்கள்.

இன்னொரு குழப்பம் ஓயாமல் வருகிறது. ரிக்குக்குள் இருக்கும் தானியங்கி ட்யூனர் 100 வாட்டுக்கு ஆனது. பெரும்பாலும் 3:1 வரைதான் சமாளிக்கும். லீனியரை வெளியே மாட்டியதும் அந்த ட்யூனர் ரிக்குக்கும் லீனியருக்கும் நடுவில் போய்விடுகிறது. லீனியர் நேரடியாகப் பார்ப்பது பொருந்தாத ஆன்டெனாவை. ஆகவே முழுச் சக்தியைத் தாங்கும் தனி ட்யூனர் லீனியருக்குப் பிறகுதான் வரவேண்டும். லீனியரை பைபாஸில் (பெருக்காமல் சிக்னலை அப்படியே கடத்தும் நிலையில்) வைத்து, குறைந்த வாட்டில் ட்யூன் செய்துவிட்டு, அப்புறம் சக்தியை ஏற்ற வேண்டும். முழுச் சக்தி ஓடும்போது காயில் சுவிட்சைத் திருப்பினால் உள்ளே தீப்பொறி பறக்கும்.

வால்வு (வெற்றிடக் குழாய்) போட்ட லீனியர்களைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 3-500இசட் வால்வு போட்ட பெட்டியில் சுமார் 3000 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது நிற்கலாம். அந்த மின்சேமிப்பை இறக்க வேண்டிய ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் வெளியே தெரியவே தெரியாது. பழைய பெட்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி வீட்டில் தனியாகத் திறக்கும் பையன்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. இறக்கிவிட்டோமா என்று அளந்து பார்க்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது, தனியாக இருக்கும்போது திறக்கவே கூடாது. இதைச் சங்கத்தில் பெரியவர் ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் ஏறும்.

நமக்கு 40 மீட்டரில் இருப்பது 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை, வெறும் 200 கிலோஹெர்ட்ஸ். அளவுக்கு மீறி ஓட்டிய ஒரு லீனியரின் சிக்னல் இருபுறமும் சிதறினால் பக்கத்தில் யாரும் பேச முடியாது. தேவையான சக்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்று சர்வதேச வானொலி விதிகளும் சொல்கின்றன. அதோடு, எல்இடி பல்பும் சோலார் இன்வெர்ட்டரும் இரையும் தெருவில் உட்கார்ந்து 400 வாட் அனுப்பினால், பதில் சொல்பவர் நமக்குக் கேட்கமாட்டார். அனுப்பும் சக்தியைக் கூட்டுவதால் காது கூர்மையாகிவிடுவதில்லை. நல்ல இடத்தில், நல்ல உயரத்தில் கட்டிய கம்பி அனுப்பவும் உதவும், கேட்கவும் உதவும்.

பேரிடர் காலத்தில் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, போர்ட் பிளேரிலிருந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் வானொலி வழியாகத்தான் அந்தமான் செய்திகளை வெளியே கொண்டுவந்தார்கள். 2018 நவம்பரில் கஜா டெல்டாவைச் சாய்த்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 400 வாட் லீனியருக்கு 700, 800 வாட் மின்சாரமாவது வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் கையில் இருக்கப்போவது கார் பேட்டரியும் 100 வாட் ரிக்கும்தான். அதையும் 20, 30 வாட்டுக்குக் குறைத்தால்தான் பேட்டரி தாங்கும். அன்றைக்குக் கைகொடுப்பது 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அளந்து வெட்டிய 20 மீட்டர் டைபோலும் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா), அதை அரை மணி நேரத்தில் கட்டத் தெரிந்த கையும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு சங்கமும் ஆன்டெனாவின் பொருத்தத்தை அளக்கும் ஓர் அனலைசர் வாங்கி, உறுப்பினர்களுக்கு இரவல் கொடுங்கள். லீனியர் எப்படி ஓட்டுவது என்பதை டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) வைத்துச் சங்கத்திலேயே காட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லா நிலையங்களும் பேட்டரியில் மட்டும், 25 வாட்டில் மட்டும் 40 மீட்டருக்கு வரட்டும். யார் சிக்னல் யாருக்குக் கேட்டது என்று சங்கம் எழுதிவைக்கட்டும். யாருக்கும் கேட்காத நிலையம் இருந்தால் அந்த வீட்டுக்கே போய்க் கேபிளையும் கம்பியையும் பாருங்கள். ஏணி பிடிக்க நானும் வருகிறேன்.

73 (ஹாம்களின் வாழ்த்து),
உங்களில் ஒரு ஹாம்