சிவப்பு வட்டம் என்னுடையது, ஐயா

மதிப்பிற்குரிய நாளிதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் மூன்றாம் பக்கத்தில் வந்த எங்கள் ஊர் ஏரிச் செய்தியைப் பற்றித்தான் இந்த மடல். மூன்று மின்னஞ்சல் அனுப்பியாயிற்று. அலுவலகத்துக்குப் போன் செய்தால், "டெஸ்க்ல சொல்றோம் சார்" என்கிறார்கள். அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

நீங்கள் போட்டிருக்கும் படம், ஏரியைத் தூர்வாரிச் சீர்செய்யும் குடிமராமத்துப் பணியின் அளவுப் புத்தகத்தில், அதாவது எவ்வளவு வண்டல் அள்ளினார்கள் என்று எழுதிவைக்கும் பதிவேட்டில், ஒரு பக்கம். அதில் ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கிறதே, அது என் மகளின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து நான் போட்டது. அடியில் என் வலைப்பதிவின் பெயர் இருந்தது. அதை மட்டும் பக்குவமாக வெட்டிவிட்டு, "சமூக வலைதளங்களில் பரவும் ஆவணம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது தானாகப் பரவவில்லை, ஐயா. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுப் போட்டேன். 30 நாளில் வர வேண்டிய பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்தேன், அதற்கும் மௌனம். அப்புறம் தகவல் ஆணையம், சம்பளமில்லா விடுப்பு, சென்னைக்கு இரவுப் பேருந்து. நகல் கைக்கு வந்தபோது ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது. கெடு தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 7(6) பிரிவு. என்னிடம் பக்கத்துக்கு 2 ரூபாய் என்று 46 பக்கத்துக்கு 92 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் சண்டை போடத் தெம்பில்லை, கட்டிவிட்டேன்.

உங்கள் செய்தி வந்த மறுநாள் மாலை, இரண்டு பேர் பைக்கில் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "பேப்பர் வரைக்கும் கொண்டு போயிட்டீங்களே தம்பி" என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆவணம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

நான் காசு கேட்கவில்லை. அச்சிலும் இணையத்திலும் அந்தச் செய்திக்குக் கீழே பதிவின் பெயரைப் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"அதுவும் ஒரு ஆவணம், யார் வேண்டுமானாலும் போடலாம்" என்பீர்கள். சரி, ஆவணம் பொதுச்சொத்துதான். அதற்கு நான் எழுதிய விளக்கத்தில் நான்கு பத்தி அப்படியே உங்கள் செய்தியில் இருக்கிறதே? படைப்பாளி தன் பெயரைக் கோரும் உரிமையை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 57ஆவது பிரிவில் தந்திருக்கிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதற்கு அதில் இடமில்லை.

நாங்கள் சரியாக எழுதினால் "நெட்டிசன்கள்", தப்பாக எழுதினால் "பொறுப்பற்ற வலைப்பதிவர்கள்". எங்களுக்குப் பெயர் கிடைப்பது இரண்டாவதில்தான் போலிருக்கிறது. அமெரிக்காவில் அரசு வழக்கறிஞர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தைத் தொடர்ந்து தோண்டியதற்காக, அரசியல் வலைத்தளம் நடத்தும் ஜோஷுவா மார்ஷலுக்கு 2007ஆம் ஆண்டுக்கான ஜார்ஜ் போல்க் என்ற பத்திரிகைத் துறை விருதையே கொடுத்தார்கள். எனக்கு விருதெல்லாம் வேண்டாம். ஆட்சியர் அலுவலகப் பத்திரிகையாளர் சந்திப்பில் அடையாள அட்டை இல்லையென்று என்னை வாசலில் நிறுத்தும்போது, உள்ளே போகிற உங்கள் நிருபர் ஒரு வணக்கமாவது வைக்கலாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் நிருபர்கள் இல்லாமல் என் பதிவும் இல்லை. பாதிப் பதிவுகள் உங்கள் செய்தியிலிருந்துதான் தொடங்குகின்றன. ஒவ்வொன்றிலும் இதழின் பெயர், தேதி, பக்க எண் போடுகிறேன். அதே மரியாதையை எனக்கும் தாருங்கள் என்று பணிவோடு கேட்கிறேன்: பதிவின் பெயரைப் போடுங்கள்.

இன்னொன்று. அள்ளியதாகக் கணக்குக் காட்டிய வண்டலின் அளவைப் பதிவேற்றிய அவசரத்தில் 14,200 கன மீட்டர் என்று தட்டிவிட்டேன். அன்றிரவே திருத்தி, திருத்தத்தையும் அறிவித்துவிட்டேன். உங்கள் செய்தியில் இன்றைக்கும் 14,200தான் இருக்கிறது. படத்தில் சிவப்பு வட்டத்துக்குள் பாருங்கள், 12,400.

இப்படிக்கு,
அந்த வட்டத்தைப் போட்டவன்