உங்கள் மாத அறிக்கை மாறுகிறது: ஏன், எப்படி?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கூகுள் விளம்பரத்துக்கு ஒன்று, பேஸ்புக் இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று இதுவரை தனித்தனியாக அனுப்பிவந்த அறிக்கைகளை அடுத்த மாதத்திலிருந்து ஒன்றாக்குகிறோம். அதில் முதல் வரியாக இருக்கப்போவது உங்கள் பில் மென்பொருளில் பதிவான ஆர்டர் எண்ணிக்கை. விளம்பரத் தளங்கள் சொல்லும் கணக்கெல்லாம் அதற்குக் கீழேதான் வரும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். புது அறிக்கையில் பல எண்கள் பழையதைவிடச் சிறியதாகத் தெரியும். விற்பனை குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஒரே விற்பனையைப் பல தளங்கள் தன் கணக்கில் எழுதிக்கொள்வதை இனி நீக்கிக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் திங்களன்று இன்ஸ்டாகிராமில் உங்கள் விளம்பரத்தைக் கிளிக் செய்கிறார், வாங்கவில்லை. வியாழனன்று உங்கள் பெயரைக் கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பரம் வழியாக மறுபடி வருகிறார். சனிக்கிழமை உங்கள் மின்னஞ்சலில் வந்த சலுகையைத் திறந்து வாங்கிவிடுகிறார். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் வழக்கமான அமைப்பில், கிளிக் செய்த 7 நாட்களுக்குள் நடந்த விற்பனை அதன் கணக்கு. கூகுள் விளம்பரத்தில் அந்தக் கெடு பொதுவாக 30 நாள். மின்னஞ்சல் மென்பொருளோ கடைசிக் கிளிக் தன்னுடையது என்கிறது. ஆர்டர் ஒன்று, உரிமை கோருபவர்கள் மூன்று பேர். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் தன் வழியாக வந்தது மட்டுமே தெரியும். ஆனால் மூன்று அறிக்கைகளையும் கூட்டிப் பார்ப்பவருக்கு, 100 ஆர்டர் வந்த மாதத்தில் 140, 150 என்று கணக்கு வந்து நிற்கும். அதை நம்பி பட்ஜெட் போட்டால் பணம் எங்கே போகிறது என்றே தெரியாது.

தேதியிலும் சிக்கல் உண்டு. கூகுள் விளம்பரக் கணக்கு, விற்பனையைக் கிளிக் செய்த நாளில் எழுதும். இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுளின் அனலிட்டிக்ஸ் கருவி, வாங்கிய நாளில் எழுதும். மாதக் கடைசியில் கிளிக் செய்து அடுத்த மாதம் வாங்கியவர் இரண்டு அறிக்கைகளில் இரண்டு மாதங்களில் வருவார். இனி எல்லாமே வாங்கிய தேதிப்படிதான்.

இவற்றை இணைக்கும் கயிறு ஆர்டர் எண். இணையதளத்தில் ஒரு விற்பனை முடியும்போது அந்த எண்ணை அனலிட்டிக்ஸுக்கும் அனுப்புகிறோம். பிறகு அதே எண்ணை உங்கள் பில் பட்டியலோடு ஒப்பிடுகிறோம். அப்போதுதான் திருப்பி அனுப்பியவை, ரத்தானவை எல்லாம் கழியும். வாங்கியவர் புதியவரா பழையவரா என்பதும் தெரியும். ஒரு பொருளில் உங்களுக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்று நீங்கள் சொன்னால் அதையும் சேர்த்துவிடலாம். நிறைய விற்று, லாபம் எதுவும் தராத விளம்பரங்கள் அங்கேதான் வெளிச்சத்துக்கு வரும்.

வேலையில் பெரும்பகுதி பெயர் வைப்பதில் இருக்கிறது. ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று காட்ட இணைப்புகளின் கடைசியில் சேர்க்கும் யுடிஎம் குறிகள் ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. அதில் பேஸ்புக் என்ற பெயரை ஒரு நாள் பெரிய எழுத்தில் தொடங்கி, மறுநாள் சிறிய எழுத்தில் தொடங்கினால் அனலிட்டிக்ஸ் அவற்றை இரண்டு வெவ்வேறு மூலங்களாகக் காட்டும். அதனால் எல்லாம் சிறிய எழுத்து, இடைவெளி கிடையாது, ஒரே பெயர்ப்பட்டியல் என்று வைத்திருக்கிறோம். உங்கள் ஊழியர்கள் வாட்ஸ்அப்பில் பகிரும் இணைப்புகளுக்கும் அந்தப் பட்டியலையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

மின்னஞ்சலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டோம். மடலில் உள்ள ஒரு படம் இறங்குவதை வைத்துத்தான் அதைத் திறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, அதை இயக்கியவர்களுக்கு வரும் மடல்களில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படிக்காத மடலும் திறந்ததாகவே பதிவாகும். கிளிக்கும் ஆர்டரும் போதும்.

எல்லாவற்றையும் இணைத்துவிட முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. 2021 ஏப்ரலிலிருந்து ஐபோனில் ஒரு செயலி மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர அவர் அனுமதி வேண்டும். இணையப் பக்கத்தில் ஓடும் நிரல், வந்தவரை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை (குக்கீ), ஆப்பிளின் சபாரி உலாவி 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. போனில் பார்த்து மடிக்கணினியில் வாங்குபவர் பெரும்பாலும் இரண்டு ஆட்களாகவே தெரிவார். அதனால் 'வழி தெரியாதவை' என்று ஒரு வரி அறிக்கையில் எப்போதும் இருக்கும். அதை ஏதாவது ஒரு தளத்தின் தலையில் கட்டி அறிக்கையை அழகாக்க மாட்டோம்.

பின்தொடர முடியாத இடத்தில் நிறுத்திப் பார்ப்பதுதான் வழி. ஒரு விளம்பரத்தைச் சில பகுதிகளில் மட்டும் சில வாரம் நிறுத்திவிட்டு, ஓடும் பகுதிகளோடு விற்பனையை ஒப்பிட வேண்டும். இணைய விற்பனைத் தளமான ஈபே, தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிவந்த விளம்பரங்களைச் சில தேடல் தளங்களில் நிறுத்திப் பார்த்தது. அதில் வந்துகொண்டிருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் சாதாரணத் தேடல் முடிவு வழியாகவே வந்துவிட்டார்கள் என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லாத் தொழிலுக்கும் இதே விடை வராது. உங்கள் பெயரில் போட்டியாளர் விளம்பரம் செய்தால் நிலைமை வேறு. ஆனால் சோதிக்காமல் அந்தச் செலவைத் தொடர்வது சரியில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதனால் விளம்பரம் எப்படி மேம்படும் என்று கேட்பீர்கள். எங்கள் பார்வையில் மிகப்பெரிய பலன், படிவம் நிரப்பி விவரம் கேட்பவர்களிடம் பேசி விற்கும் தொழில்களுக்குத்தான். படிவம் நிரப்பியவர் எல்லோரையும் வெற்றியாகக் கணக்கிட்டால், தளத்தின் தானியங்கி முறை படிவம் நிரப்புபவர்களையே தேடித் தேடிக் கொண்டுவரும். அவர்களில் கடைசியில் யார் வாங்கினார்கள் என்ற தகவலை நாம் திருப்பி அனுப்பினால், அது வாங்கக்கூடியவர்களைத் தேடத் தொடங்கும். அப்புறம், ஏற்கனவே வாங்கியவருக்கு அதே பொருளின் விளம்பரம் மறுபடி போவது குறையும். கையிருப்பு தீர்ந்த பொருளின் விளம்பரம் தானாக நிற்கும்.

உங்களிடம் வாங்குபவர்களின் விவரத்தை நாங்கள் பொறுப்போடு கையாள்கிறோம். ஒப்புதல் தந்தவர்களின் விவரம் மட்டுமே விளம்பரத் தளங்களுக்குப் போகும். மின்னஞ்சல் முகவரியும் போன் எண்ணும் அப்படியே போகாமல், குறியீடாக மாற்றப்பட்டே போகும். பெயர், முகவரி எங்கள் அறிக்கையில் எங்கும் இருக்காது.

உங்களிடமிருந்து வேண்டியது இவை: வாரம் ஒரு முறை ஆர்டர் பட்டியல், திரும்பிவந்தவற்றின் விவரத்தோடு. போனிலும் நேரிலும் வாங்குபவர்களிடம் 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று கேட்டு பில்லிலேயே ஒரு குறிப்பு. சலுகை அறிவிப்பதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை. இல்லாவிட்டால் அதனால் ஏறிய விற்பனையை விளம்பரத்தின் வெற்றி என்று எடுத்துக்கொள்ள நேரும்.

முதல் இரண்டு மாதங்கள் பழைய அறிக்கைகளும் கூடவே வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த எண் புரியவில்லையோ அதை வட்டமிட்டு அனுப்புங்கள், அழைத்து விளக்குகிறோம்.

அன்புடன்,
உங்கள் விளம்பரப் பணிக் குழுவினர்