மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் செவிலியரைப் பாருங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவே வேண்டாம் என்று நம்மில் சிலர் இருந்துவிடுகிறோம். அது தவறு. தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர் அழுத்தம், சர்க்கரை பார்ப்பதோடு பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்றும் கவனிப்பார். என் அம்மாவின் குதிகால் வெடிப்பு புண்ணாவதை முதலில் கண்டவர் செவிலியர்தான். வீட்டில் நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

மாத்திரையை இடையில் நிறுத்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், ஊசி போடும் இடத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சீட்டும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். தனியாக இருக்கும் பெரியவர்கள் துணை வேண்டுமென்றால் இங்கே எழுதுங்கள், நான் வருகிறேன்.