அயனாவரம், நம் தெருச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அறிக்கை ஒரு மாதம் தாமதம். காரணம் நான்தான், தலைவரைத் திட்ட வேண்டாம். வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சாக்கடை அடைப்பு சரியாகிவிட்டது, இரண்டாம் குறுக்குத் தெரு விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, பொங்கல் கோலப்போட்டி நடந்தது (நடுவர் தீர்ப்பைப் பற்றி வாட்ஸ்அப்பில் பேசியது போதும்), கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மீதி அறிக்கை முழுக்க ஒரே விஷயம்தான்: பள்ளியில் பிள்ளைகளை மற்ற பிள்ளைகள் படுத்துகிற பாடு. குடியிருப்போர் சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று போன ஆண்டு யாராவது கேட்டிருந்தால், நானும் கூடச் சேர்ந்து கேட்டிருப்பேன்.

ஆகஸ்டில் நம் தெருவில் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் பள்ளி வேனில் ஏற மாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது பலருக்கு நினைவிருக்கும். அவன் வீடு மேடவாக்கம் குளச் சாலைப் பக்கம், மனநல மருத்துவமனைக்குக் கிட்ட. அதனால் வேனில் அவனுக்குப் பெயர் ‘கீழ்ப்பாக்கம்’. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை, நாமே எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்போம். 1794-ல் தொடங்கிய மருத்துவமனை அது, எத்தனையோ குடும்பங்கள் அங்கே போய் நிமிர்ந்திருக்கின்றன, நாம் என்னவோ ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். பெயரோடு நின்றதா என்றால் இல்லை. டிபன் டப்பாவைக் காலி பண்ணுவது, ஷூ லேஸை சீட் கம்பியில் கட்டுவது, அவன் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் மொத்தமாக எழுந்து போவது என்று, பள்ளி திறந்த ஜூனிலிருந்தே நடந்திருக்கிறது. வீட்டில் கேட்டபோதெல்லாம் “சும்மா கலாய்ச்சாங்கம்மா” என்றிருக்கிறான்.

இங்கே என் தப்பு ஒன்றை எழுதியாக வேண்டும். நாட்டாமை மாதிரி நானே முன்னால் நின்று, இரண்டு வீட்டுப் பையன்களையும் பெற்றோரோடு சங்க அறைக்கு வரவழைத்து, “ரெண்டு பேரும் சாரி சொல்லிக்குங்க, கை குடுத்துக்குங்க” என்று முடித்து வைத்தேன். எல்லாருக்கும் டீ கொடுத்தோம். மறுநாளிலிருந்து வேனில் அவன் பெயர் ‘பஞ்சாயத்து’. முன்னால் சீண்டியது இரண்டு பேர், இப்போது ஆறு பேர்.

அப்புறம்தான் மூன்றாம் குறுக்குத் தெரு அக்காவின் மகளைப் பிடித்தோம். உளவியல் முதுகலை படிக்கிற பெண். நவம்பர் 30 சனிக்கிழமை அவள் பேசுவதாக இருந்தது, ஃபெஞ்சல் புயல் அன்றைக்கென்று வந்து சேர்ந்ததால் டிசம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்குத் தள்ளினோம். முப்பது நாற்காலி போட்டோம், நாற்பதுக்கு மேல் ஆள். கோலப்போட்டிக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்லை.

முதல் கேள்வியிலேயே என்னை உட்கார வைத்துவிட்டாள். “மாமா, அது சண்டை இல்லையே, நீங்க ஏன் சமாதானம் பண்ணீங்க?” சண்டை என்றால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சம பலம். இது வேறு. டான் ஓல்வியஸ் என்று ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வேலை பார்த்த உளவியலாளர், 1970-களிலேயே இதை ஆராயத் தொடங்கியவர், மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. அந்த மூன்றாவதை மறந்துவிட்டு இருவரையும் சமமாக உட்கார வைத்தால், அடிபட்டவனும் ஏதோ தப்பு செய்த மாதிரி ஆகிவிடுகிறது. டோஃபி, ஃபாரிங்டன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பள்ளிச் சீண்டலைத் தடுக்கும் 44 திட்டங்களின் மதிப்பீடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2011-ல் வெளியிட்டார்களாம். அதில், பிள்ளைகளையே பஞ்சாயத்துக்கு உட்கார வைக்கும் முறைகள் இருந்த இடங்களில் பாதிப்பு கூடத்தான் செய்திருக்கிறது. நான் செய்தது பிள்ளைகளின் பஞ்சாயத்து இல்லை, கிழவன் பஞ்சாயத்து, ஆனால் விளைவு அதேதான்.

அதே ஆய்வில் எது பலித்தது என்றால், நமக்குச் சப்பென்று தோன்றுகிற விஷயங்கள்: விளையாடும் இடத்தில் ஒரு பெரியவர் கண் வைத்திருப்பது, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது. எல்லாம் சேர்ந்து சராசரியாகச் சீண்டல் குறைந்தது 20 முதல் 23 சதவீதம் வரை. இவ்வளவுதானா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வேனில் பத்துப் பேர் அவதிப்பட்டால் அதில் இரண்டு பேர் நிம்மதியாகப் போவார்கள் சார், அந்த ரெண்டு பேரில் ஒருத்தன் உங்க பேரனா இருந்தா பரவாயில்லையா என்று கேட்டாள். குரல் அடங்கியது.

நார்வே அரசு இதைக் கையில் எடுத்த கதையைச் சொன்னபோது யாரும் டீ குடிக்கவில்லை. 1982 கடைசியில் அந்நாட்டின் வடக்கே மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்டார்கள், சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்கலாம் என்று தெரிந்தது, 1983-ல் நாடு முழுக்க இயக்கம் தொடங்கினார்கள். நம் ஊருக்கு இது புதிதில்லை. 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2023-ல் நாங்குநேரியில் சாதியைச் சொல்லிச் சீண்டியது அரிவாள் வரை போன பிறகு நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாகப் போட்டார்கள். கையில் சாதிக் கயிறு கட்டி வரக் கூடாது என்பதையும் சேர்த்து அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். சென்னையில் கயிறு இல்லை என்று நிம்மதியாக இருந்தவர்களிடம் அந்தப் பெண் கேட்டாள்: “எந்த ஏரியா, எந்த ஹவுசிங் போர்டுன்னு முதல் நாளே கேக்கறாங்களே, அது என்ன?”

எனக்கு மிகவும் உறைத்தது வேடிக்கை பார்க்கிறவர்களைப் பற்றிய பகுதி. கனடாவில் பிள்ளைகள் சட்டையில் மைக் மாட்டி, தூரத்திலிருந்து வீடியோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2001-ல் வந்த ஆய்வு. பத்தில் ஒன்பது சம்பவங்களில் கிட்ட வேறு பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள், ஆனால் ஐந்தில் ஒன்றில்தான் யாராவது குறுக்கே வந்தது. அப்படி ஒருத்தர் வந்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து வினாடிக்குள் நின்றுவிட்டது. பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற பேராசிரியை இதையே அடிப்படையாக வைத்து துர்கு பல்கலைக்கழகத்தில் ‘கிவா’ என்ற திட்டத்தை உருவாக்கினார், 2009-ல் அது நாடு முழுக்கப் போனது. அடிக்கிறவனையும் அடிபடுகிறவனையும் மட்டும் பார்க்காமல், சிரித்துக் கொடுக்கிறவன், கூட நிற்கிறவன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறவன் என்று மொத்த வகுப்பையும் பிடிக்கிற திட்டம். நம் வேனில் சிரித்தவர்களில் என் பேத்தியும் உண்டு என்பது அன்று ராத்திரிதான் தெரிந்தது.

சரி, கேட்டுவிட்டு என்ன செய்தோம். ஜனவரியில் பிள்ளைகளிடம் சார்ட் பேப்பரைக் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளி வரை படம் வரைந்து, பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் பொட்டு வையுங்கள், பேர் எழுத வேண்டாம் என்றோம். பொட்டுகள் விழுந்தது வேனின் கடைசி சீட், பள்ளிக் கழிப்பறை, டியூஷன் மாடிப்படி. அப்புறம், வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நம் சங்கத்தின் ஷட்டில் கோர்ட். பெரிய பசங்க சின்னவர்களை பந்து பொறுக்க மட்டும் வைத்துக்கொள்கிறார்களாம், மறுத்தால் செருப்பு மொட்டை மாடிக்குப் போய்விடுமாம். நாம் அங்கே போட்டிருக்கும் பலகையில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருக்கிறது.

பிப்ரவரியிலிருந்து மாலை 5 முதல் 6 வரை கோர்ட் ஆறாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு. ரயில்வேயில் ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் அந்த நேரத்தில் பேப்பரோடு அங்கே உட்காருகிறார். ஒன்றும் செய்வதில்லை, உட்காருகிறார், அவ்வளவுதான்.

வேன் அண்ணன் நாம் நினைத்ததைவிட நல்லவர். சின்னவர்களை முன்னால் மாற்றிவிட்டார், இப்போது மாலை டிரிப்பில் அவர் மனைவியும் கூட வருகிறார். பள்ளியில்தான் நடக்கவில்லை. இரண்டு தடவை போனோம், பெயர் இங்கே வேண்டாம், “எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி எதுவும் கிடையாது சார்” என்று இரண்டு தடவையும் காபி கொடுத்து அனுப்பினார்கள். எதுவும் கிடையாது என்று சொல்கிற பள்ளியில் சேர்ப்பதற்கு முன் நான் இனி இரண்டு தடவை யோசிப்பேன், அது என் சொந்தக் கருத்து, சங்கத்தின் கருத்து அல்ல.

பிள்ளை யாரிடம் சொல்லும் என்பது தனிப் பிரச்சினை. பீகாரில் நாளந்தா மாவட்டத்தின் 74 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரே மாணவர் நலத் திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள், சிலவற்றில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் நடத்தினார்கள், மனநல நிபுணர்கள் அல்லாதவர்கள்தான். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சீண்டலும் மனச்சோர்வும் குறைந்தன, ஆசிரியர் நடத்திய இடங்களில் ஒன்றும் மாறவில்லை. மார்க் போடுகிற கையிடம் போய் அழ யாருக்கு மனசு வரும் என்பது என் ஊகம். நம் உறுப்பினர்களில் ஆசிரியர்கள் மூன்று பேர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கு வேலைச்சுமைதான் காரணம் என்றார்கள், அதுவும் நியாயம். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறையை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்காக நம் நோட்டீஸ் போர்டில் 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டையும் ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகளுக்குப் புகார் எண்ணைக் கொடுத்துக் கெடுக்கிறீர்கள் என்று ஒரு பெரியவர் கிழித்தார், நான் மறுபடி ஒட்டினேன், இப்போது மூன்றாவது தாள்.

டிசம்பர் கூட்டத்தின் கடைசியில் ஒரு அம்மா எழுந்து, “அடிக்கிறவன் என் பையனா இருந்தா நான் என்ன பண்றது?” என்று கேட்டார். பள்ளியில் மற்றவர்களைக் கொடுமைப்படுத்திய பையன்களை ஓல்வியஸ் பின்தொடர்ந்தபோது, 60 சதவீதம் பேர் 24 வயதுக்குள் ஒரு தடவையாவது வழக்கில் தண்டனை பெற்றிருந்தார்கள் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு, பயமுறுத்தச் சொல்லவில்லை, அவனுக்கும் சேர்த்துத்தான் இப்போதே நிறுத்த வேண்டும் என்று சொல்கிறேன் என்றாள். இருவரும் வாசலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஏழாம் வகுப்புப் பையன் இப்போது வேனில் போகிறான். முன் சீட். பெயர் இன்னும் ‘பஞ்சாயத்து’தான், ஆனால் கூப்பிடுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்று என் பேத்தி சொல்கிறாள், அவள் கூப்பிடுவதில்லை என்றும் சொல்கிறாள்.

வரும் ஆண்டுக்கு: கோர்ட்டில் பேப்பர் படிக்கிறவருக்கு ஜூனில் கண்ணில் புரை அறுவை சிகிச்சை, மூன்று வாரத்துக்கு மாற்று ஆள் வேண்டும். 5 முதல் 6. பேப்பர் சங்கம் வாங்கித் தரும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரவும்.

செயலாளர்